சுண்ணாம்புக்கல் நாட்டில் பத்து நாள்: குறைந்த செலவில் மாயா நகரங்களும் மாயா சாப்பாடும்

மாயா நாகரிகம் அழிந்துபோனது என்று படித்துவிட்டுத்தான் நம்மில் பலர் மெக்சிகோவுக்கு விமானம் ஏறுகிறோம். யுகட்டான் தீபகற்பத்தில் ஏதாவது ஒரு சந்தைக்குள் நுழைந்து பாருங்கள். தட்டில் மாவு தட்டிக்கொண்டிருக்கும் அம்மாவும் பக்கத்துக் கடைக்காரியும் பேசிக்கொள்வது ஸ்பானிஷ் இல்லை என்று உடனே தெரியும். அது மாயா மொழி. தீபகற்பத்தில் இன்றும் 7 லட்சம் பேருக்கு மேல் அதைப் பேசுகிறார்கள். கோயில்களைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் அங்கே உங்களுக்குச் சோறு போடுகிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டியில் இடிபாடுகளையும் சாப்பாட்டையும் தனித்தனியாகப் பிரிக்கவில்லை. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பொருள்: சுண்ணாம்புக்கல். வட யுகட்டானில் தரைக்கு மேல் ஓடும் ஆறே கிடையாது. மழைநீர் முழுக்கச் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிவிடும். பாறை இடிந்து விழுந்த இடங்களில் நிலத்தடி நீர் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கிணறுகளுக்குப் பெயர் செனோட்டே. அதே கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிக் கோபுரங்களுக்குப் பூசினார்கள். அதே சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து மக்காச்சோளத்தை வேகவைத்தார்கள், இன்றும் வேகவைக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு போனால், பார்ப்பது எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து புரியும்.

படி 1: காலமும் விசாவும்

நவம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, வெயிலும் தாங்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் தங்குமிடக் கட்டணம் எகிறிவிடும். என் தேர்வு ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நம் கத்திரிக்கு ஈடாக இருக்கும், இடிபாடுகளில் நிழலும் அதிகம் இல்லை. ஜூனிலிருந்து மழை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயலுக்கும் வாய்ப்பு உண்டு.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு மெக்சிகோ விசா தேவை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் இவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் தனியாக எடுக்க வேண்டியதில்லை என்பதுதான் வழக்கமான விதி. டிக்கெட் போடும் முன் தூதரகத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். அமெரிக்க விமான நிலையத்தில் விமானம் மாறுவதாக இருந்தால், வெளியே வராவிட்டாலும் அமெரிக்க விசா வேண்டும். மலிவு டிக்கெட்டைப் பார்த்ததும் இதை மறந்துவிடக் கூடாது.

படி 2: கான்கூனில் இறங்கலாம், தங்க வேண்டாம்

மலிவான விமானங்கள் பெரும்பாலும் கான்கூனுக்குத்தான் வரும். கான்கூன் கடற்கரை அழகுதான், ஆனால் அங்கே ஒரு இரவுக்குப் போகும் பணத்தில் உள்நாட்டில் மூன்று நாள் ஓட்டலாம். விமான நிலையத்திலிருந்து ஏடிஓ நிறுவனத்தின் பேருந்தில் நகர நிலையத்துக்குப் போய், அங்கிருந்து வயாடோலிட் என்ற சிறு நகருக்கு அடுத்த பேருந்தைப் பிடியுங்கள். இரண்டு, இரண்டரை மணி நேரப் பயணம். முதல் வகுப்புப் பேருந்தில் குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், ஒரு போர்வையைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் நின்று போகும் இரண்டாம் வகுப்புப் பேருந்துக்குக் கட்டணம் குறைவு, நேரம் கூடுதல். 2023 டிசம்பரில் தொடங்கிய மாயா ரயிலும் இந்த வழியில் ஓடுகிறது. ஆனால் அதன் நிலையங்கள் பல ஊர்களில் நகருக்கு வெளியே இருப்பதால், டாக்சிச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். கான்கூன் இருப்பது குயின்டானா ரோ மாநிலத்தில். வயாடோலிட், மாயா இடிபாடுகள் இருக்கும் சிச்சேன் இட்சா, பெரிய நகரமான மெரிடா எல்லாம் யுகட்டான் மாநிலம். இரண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். மேற்கே போகும்போது ஒரு மணி நேரம் லாபம், திரும்பும்போது நஷ்டம்.

படி 3: பணக் கணக்கு

மெக்சிகோ நாணயமான பெசோ ஒன்று ஏறத்தாழ 5 ரூபாய். ஹாஸ்டல் படுக்கை 250–350 பெசோ, மூன்று வேளைச் சாப்பாடு 250–300, உள்ளூர்ப் போக்குவரத்து 100–150 என்று வைத்தால், நாளொன்றுக்கு 600–800 பெசோவில் சமாளிக்கலாம். இதில் நுழைவுக் கட்டணம் சேரவில்லை. பயணத்தின் பெரிய செலவு அதுதான்.

சிச்சேன் இட்சாவில் இரண்டு சீட்டு வாங்க வேண்டும், ஒன்று மத்தியத் தொல்லியல் துறைக்கு, மற்றொன்று மாநில அரசுக்கு. வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்ந்து 600 பெசோவைத் தாண்டும். உஷ்மால், எக் பாலம் என்ற மற்ற இரு மாயா நகரங்களுக்கும் இதேபோல் இரட்டைச் சீட்டுதான், ஒவ்வொன்றும் 500-ஐத் தாண்டும். ஞாயிற்றுக்கிழமை இலவசம் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது மெக்சிகோ குடிமக்களுக்கும் அங்கே வசிப்பவர்களுக்கும் மட்டும். நமக்கு அன்று கூட்டம்தான் மிச்சம், ஆகவே பெரிய இடங்களுக்கு ஞாயிறு போகாதீர்கள்.

எல்லா இடிபாடுகளையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால் பணமும் தீரும், மூன்றாவது கோயிலில் கண்ணும் அலுத்துவிடும். பெரியது இரண்டு, இலவசம் ஒன்று, மீதி நேரம் சந்தையில். பத்து நாளுக்கு இது போதும்.

ஏடிஎம்மில் பணம் எடுக்கும்போது, அவர்களே மாற்று விகிதம் போட்டுத் தருவதாகத் திரையில் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள், உங்கள் வங்கியின் விகிதமே மலிவாக வரும். டாலர் குறி பார்த்துப் பயப்பட வேண்டாம், பெசோவுக்கும் அதே குறிதான். சந்தையிலும் வேனிலும் சில்லறை நோட்டுதான் செல்லும். 500 பெசோ நோட்டைக் காலையிலேயே நீட்டினால் மாற்றித் தர ஆள் இருக்காது.

படி 4: வயாடோலிட், மூன்று இரவு

மாயா ஊரான சாக்கியின் மேல் ஸ்பானியர்கள் எழுப்பிய நகரம் இது. நடந்தே சுற்றிவிடலாம். மாயா பெண்கள் கழுத்திலும் விளிம்பிலும் பூவேலை செய்த வெள்ளை உடுப்போடு சந்தைக்கு வருவதைப் பார்க்கலாம். அந்த உடுப்பின் பெயர் உய்பில்.

வந்த அன்று மாலை ஊர் நடுவிலேயே இருக்கும் சாக்கி செனோட்டேயில் இறங்கிக் குளியுங்கள். பேருந்து ஏற வேண்டியதில்லை, சிச்சேன் இட்சா பக்கத்துப் புகழ்பெற்ற செனோட்டேக்களை விடக் கட்டணமும் மிகக் குறைவு. சன்ஸ்கிரீனும் எண்ணெயும் பூசிக்கொண்டு இறங்கக் கூடாது. குடிநீரும் இதே நிலத்தடி நீர்தான் என்பதால் அந்த விதியை மனதாரக் கடைப்பிடியுங்கள்.

சதுக்கத்தின் ஓரத்தில் இருக்கும் முனிசிபல் பஜாரில் வரிசையாகச் சிறு கடைகள். இங்கேதான் மக்காச்சோளத்தோடு உங்களுக்கு முதல் அறிமுகம்.

சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்த மக்காச்சோளத்தின் தோல் கழன்றுவிடும். மாவு பிசுபிசுப்பாகி, தட்டினால் உடையாமல் நிற்கும். இன்னொன்றும் நடக்கிறது. மக்காச்சோளத்தில் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாமல் அடைபட்டிருக்கும் நியாசின் என்ற வைட்டமின் சுண்ணாம்பால் விடுபடுகிறது. பிற்காலத்தில் இந்தப் பயிரை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் சுண்ணாம்பு முறையைக் கொண்டுபோகவில்லை. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு அங்கே பெலக்ரா என்ற நோய் வந்தது. மாயா அடுப்படியில் அந்தக் குறை இல்லை. அந்த மாவில் செய்த ரொட்டிதான் டோர்ட்டியா. காலையிலும் மதியத்திலும் டோர்ட்டியா கடைகளில் கிலோ கணக்கில் சுடச்சுட விற்பார்கள். கால் கிலோ, ஒரு அவகாடோ, கொஞ்சம் உப்பு, எலுமிச்சை வாங்கினால் மலிவான, நிறைவான மதியச் சாப்பாடு ஆகிவிடும்.

கடைகளில் முதலில் இவற்றைக் கேளுங்கள்:

பனூச்சோ: டோர்ட்டியாவைப் பையாகப் பிளந்து கருப்பு பீன்ஸ் மசியல் அடைத்துப் பொரித்து, மேலே கோழியோ வான்கோழியோ, கூடவே ஊதாநிற வெங்காய ஊறுகாயும் வைப்பது. சல்பூட்டே: பீன்ஸ் இல்லாமல் உப்பலாகப் பொரித்தது. ஒன்று 20–30 பெசோ இருக்கும், மூன்று தின்றால் வயிறு நிறையும்.

கொச்சினிட்டா பிபில்: பன்றி இறைச்சியை அச்சியோட்டே என்ற சிவப்பு விதை விழுதிலும் புளிப்பு நாரங்கிச் சாற்றிலும் ஊறவைத்து, வாழையிலையில் பொதிந்து, மண்ணுக்குள் சூடான கற்கள் நிரப்பிய குழியில் இரவெல்லாம் வேகவைப்பது. மாயா மொழியில் அந்தக் குழி அடுப்புக்குப் பெயர் பீப். இது காலைச் சாப்பாடு. ஞாயிறு காலையில்தான் சிறப்பு, பதினொரு மணிக்கெல்லாம் பாத்திரம் காலியாகிவிடும். இரவில் விற்கும் கொச்சினிட்டா சுற்றுலாக்காரர்களுக்கானது. பன்றி சாப்பிடாதவர்கள் 'பொய்யோ பிபில்' என்று கேட்டால் கோழியில் கிடைக்கும்.

சோபா தே லிமா: கோழிச் சாற்றில் உள்ளூர் லிமா பழத்தைப் பிழிந்து, பொரித்த டோர்ட்டியாத் துண்டுகள் போட்ட சூப். வெயிலில் அலைந்து வந்த நாளில் இதற்கு இணையாக வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

மார்கெசிட்டா: மாலையில் சதுக்கத்துத் தள்ளுவண்டிகளில், மொறுமொறு சுருளுக்குள் துருவிய எடாம் சீஸ் வைத்துத் தருவது. இனிப்பும் உப்பும் ஒன்றாக இருக்கும்.

சைவர்களுக்கு

இங்கே சைவம் முடியாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். கொஞ்சம் கேட்டு வாங்க வேண்டும், அவ்வளவுதான். முதல் எதிரி பன்றிக் கொழுப்பு. மசித்த பீன்ஸில், சில இடங்களில் மாவிலும்கூட அதைச் சேர்ப்பார்கள். 'சின் கார்னே' என்றால் இறைச்சி வேண்டாம், 'சின் மன்டேக்கா' என்றால் அந்தக் கொழுப்பு வேண்டாம். இறைச்சி இல்லை என்று மட்டும் சொன்னால் கோழியைப் போட்டுத் தருவது உண்டு, ஆகவே 'சின் பொய்யோ' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சிகில் பாக்: வறுத்த பூசணி விதையையும் சுட்ட தக்காளியையும் சேர்த்து அரைத்தது. சிகில் என்றால் பூசணி விதை, பாக் என்றால் தக்காளி. முதல் வாய் வைத்ததும் துவையல் நினைவு வந்தது. பாப்பட்சூலே: அதே பூசணி விதைச் சாறில் டோர்ட்டியாவைத் தோய்த்து, உள்ளே வேகவைத்த முட்டை வைத்துச் சுருட்டி, மேலே தக்காளிச் சாறு ஊற்றுவது. முட்டை தின்பவர்கள் தவறவிடக் கூடாது. அப்புறம் சாயா கீரை. நம் ஊர் நாற்றுப் பண்ணைகளில் சாயாமன்சா என்ற பெயரில் விற்கும் அதே செடிதான், அதன் தாய்மண் இந்தப் பகுதி. முட்டையோடு வதக்கித் தருவார்கள், அன்னாசியோடு அடித்து ஜூஸாகவும் குடிப்பார்கள். நம் சப்போட்டாவும் இந்தக் காடுகளின் மரம்தான்.

காரம் போதாது என்று நினைப்பவர்களுக்கு அபனேரோ மிளகாய் இருக்கிறது. மேசையில் வைத்திருக்கும் ஷ்னிபெக் சட்னியின் பெயருக்கு மாயா மொழியில் 'நாயின் மூக்கு' என்று பொருள். தின்றவன் மூக்கு நாய் மூக்கைப் போல ஈரமாகிவிடும் என்பதால் அந்தப் பெயர். நாம் மிளகாய் தின்று வளர்ந்தவர்கள் என்ற தைரியத்தில் கரண்டியால் அள்ள வேண்டாம், நுனியில் தொட்டுப் பாருங்கள்.

படி 5: சிச்சேன் இட்சா, முதல் வேனில்

வயாடோலிட்டிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். பேருந்து நிலையத்துக்கு அருகே கொலெக்டிவோ என்ற பங்கு வேன்கள் காலை 7 மணி வாக்கில் கிளம்பத் தொடங்கும். ஆள் நிறைந்தால் புறப்படும். முக்கால் மணி நேரம், கட்டணம் சுற்றுலாப் பேருந்தில் ஒரு சிறு பங்கு. வாசல் 8 மணிக்குத் திறக்கும். கான்கூனிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் பத்தரை, பதினோரு மணிக்கு வந்து கொட்டும். அதற்கு முந்தைய இரண்டரை மணி நேரம்தான் நீங்கள் வாங்கிய சீட்டின் உண்மையான மதிப்பு.

உள்ளே போனதும் எல்லோரும் பிரமிடின் முன் நிற்பார்கள். நீங்கள் முதலில் பந்தாட்டக் களத்துக்குப் போங்கள். 168 மீட்டர் நீளம், மெசோஅமெரிக்காவிலேயே, அதாவது பழைய மெக்சிகோ, நடு அமெரிக்க நாகரிகங்களின் நிலப்பகுதியிலேயே மிகப் பெரியது. சுவரின் உயரத்தில் கல் வளையங்கள் தெரியும். அடிச்சுவர்ச் சிற்பத்தில் தலை வெட்டப்பட்ட ஒரு ஆட்டக்காரர், கழுத்திலிருந்து ரத்தம் பாம்புகளாகப் பீறிடுகிறது. காலைச் சாய்வெளிச்சத்தில்தான் இது தெளிவாகத் தெரியும், உச்சி வெயிலில் கல் தட்டையாகிவிடும்.

பிறகு குகுல்கான் என்ற பாம்புக் கடவுளின் பிரமிடு. நான்கு பக்கமும் 91 படிகள், மொத்தம் 364, உச்சி மேடையைச் சேர்த்தால் 365. சூரிய ஆண்டின் நாட்கள். படிக்கட்டின் முன் நின்று ஒருமுறை கை தட்டுங்கள், எதிரொலி ஒரு பறவையின் கீச்சுப் போலத் திரும்பி வரும். மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாகும் நாளில் மாலை நிழல் படிக்கட்டுச் சுவரில் பாம்பாக இறங்கும். அன்று ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும். முன்னும் பின்னும் சில நாட்கள் அதே நிழல் விழும் என்பதால் சரியாக அந்த நாளில் போக வேண்டியதில்லை. பிரமிடில் ஏறுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அங்கிருந்து வடக்கே போகும் பாதையைக் கவனியுங்கள். சக்பே என்ற மாயா வெள்ளைச் சாலை அது, சுண்ணாம்புக்கல் பரப்பிய வழி. அது முடியும் இடத்தில் ஏறத்தாழ 60 மீட்டர் அகலமான புனித செனோட்டே. மழைக்கடவுள் சாக்குக்குப் பொன், பச்சைக்கல், மனித உயிர் எல்லாம் இதில்தான் காணிக்கை ஆயின. சிச்சேன் இட்சா என்ற பெயரே 'இட்சா மக்களின் கிணற்று வாய்' என்றுதான் பொருள்படும். ஆறில்லாத நாட்டில் கிணறுதான் தலைநகரை முடிவு செய்தது. பிரமிடை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள் பலர். இந்தக் கிணற்றைப் பார்க்காமல் அந்த ஊர் புரியாது.

தெற்குப் பக்கம் நத்தை என்று பெயர் பெற்ற வட்டக் கோபுரம் இருக்கிறது. அதன் ஜன்னல்கள் வெள்ளிக் கிரகத்தின் போக்கைப் பார்த்து அமைந்தவை என்பது ஆய்வாளர்கள் கருத்து. அங்கே கூட்டமும் குறைவு.

குடிநீர் நிறையக் கொண்டுபோங்கள். வாசல் உணவகத்தில் சாப்பிடாமல் பக்கத்தில் பிஸ்டே கிராமத்துக்கு வந்து ஏதாவது லொஞ்செரியாவில், அதாவது சிறு சாப்பாட்டுக் கடையில் உட்காருங்கள். பாதிக்கும் குறைந்த விலை, மாவு கையால் தட்டியதாக இருக்கும்.

மூன்றாவது நாள் கையில் பணம் இருந்தால் எக் பாலம். பங்கு டாக்சியில் நாலு பேர் சேர்ந்தால் கிளம்புவார்கள். அங்கே உக்கிட் கான் லெக் டோக் என்ற அரசரின் கல்லறை வாசல், திறந்த பெரும் வாயும் பற்களுமாகச் சுண்ணாம்புச் சுதையில் செய்யப்பட்டது, ஆயிரம் ஆண்டுக்கு மேலாகியும் உதிராமல் நிற்கிறது. பணம் இல்லையென்றால் வருத்தப்படாமல் ஒரு சைக்கிள் வாடகைக்கு எடுத்து செனோட்டேக்களைச் சுற்றுங்கள்.

படி 6: மெரிடா, ஐந்து இரவு

பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதல். டீஹோ என்ற மாயா நகரின் மேல் 1542-இல் ஸ்பானியர்கள் நிறுவிய ஊர். மாயா கோயில்களைப் பிரித்த கல்லில் தேவாலயம் கட்டினார்கள். நடுச்சதுக்கத்து அரசு மாளிகையில் பெர்னாண்டோ காஸ்ட்ரோ பச்சேகோ வரைந்த பெரிய ஓவியங்கள் இருக்கின்றன, நுழைவு இலவசம். மாயா மக்கள் பட்ட பாட்டை அவை மறைக்காமல் காட்டுகின்றன. உஷ்மால் போகும் முன் இதைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்கு லூகாஸ் தே கால்வேஸ் சந்தை. உள்ளே வழி தவறுவது உறுதி, தவறட்டும். மசாலா விழுதுகள் மலைபோலக் குவிந்திருக்கும், சிவப்பு ஒன்று, மிளகாயைக் கருக்கி அரைத்த கருப்பு ஒன்று. மதியம் 'கொசினா எகோனோமிகா' என்று பலகை போட்ட வீட்டுச் சாப்பாட்டுக் கடைகளைத் தேடுங்கள். 100 பெசோ வாக்கில் அன்றைய சமையல், டோர்ட்டியா, குளிர்பானம் எல்லாம் சேர்ந்து வரும். எங்கே உள்ளூர்க்காரர்கள் நின்றுகொண்டே சாப்பிடுகிறார்களோ அங்கே நில்லுங்கள், அந்த அடுப்பில் எதுவும் பழையதாக மிஞ்சாது. குழாய்த் தண்ணீர் மட்டும் குடிக்க வேண்டாம், ஹாஸ்டலில் பெரிய கேன் இருக்கும்.

ஒரு நாள் இசமாலுக்கு ஒதுக்குங்கள். 70 கிலோமீட்டர் கிழக்கே, ஊர் முழுக்க மஞ்சள் பூச்சு. வீடுகளுக்கு நடுவில் கினிச் கக்மோ என்ற பிரமிடு 30 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. கட்டணம் கிடையாது, மேலே ஏறவும் விடுகிறார்கள். படிகள் செங்குத்து, இறங்கும்போது பக்கவாட்டாகக் கால் வையுங்கள். உச்சியிலிருந்து பார்த்தால் எதிரே பிரான்சிஸ்கன் மடம் தெரியும். அதுவும் ஒரு மாயா மேடையின் மேல் எழுந்ததுதான். அதைக் கட்டுவித்த தியேகோ தே லாண்டா என்ற பாதிரியார் 1562-இல் மானி ஊரில் மாயா நூல்களைக் குவித்து எரித்தார். உலகம் முழுக்கத் தேடினாலும் இன்று எஞ்சியவை நான்கே நான்கு சுவடிகள். அந்த உச்சியில் உட்கார்ந்து இதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

படி 7: உஷ்மால்

சிச்சேன் இட்சா, உஷ்மால் இரண்டில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் நான் உஷ்மாலைச் சொல்வேன். மெரிடாவின் இரண்டாம் வகுப்புப் பேருந்து நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போகலாம். பேருந்துகள் குறைவு. இறங்கும்போதே திரும்பும் வண்டி எத்தனை மணிக்கு என்று ஓட்டுநரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், நெடுஞ்சாலை ஓரத்தில் நின்று கைகாட்டித்தான் ஏற வேண்டும்.

மந்திரவாதி பிரமிடின் அடிப்பாகம் மற்றவை போலச் சதுரமாக இல்லாமல் முட்டை வடிவில் வளைகிறது. ஒரு குள்ளன் ஒரே இரவில் கட்டினான் என்பது உள்ளூர்க் கதை. உண்மையில் ஐந்து கட்டங்களாக ஒன்றின்மேல் ஒன்றாக எழுந்தது. ஆளுநர் மாளிகையின் முகப்பு ஏறத்தாழ 100 மீட்டர் நீளம், வெட்டி அடுக்கிய ஆயிரக்கணக்கான கல் துண்டுகளின் கோலம். எல்லா மூலையிலும் சாக் முகம், வளைந்த நீள மூக்கோடு. ஏன் இவ்வளவு மழைக்கடவுள்? இந்தக் குன்றுப் பகுதியில் செனோட்டே கிடையாது. மழையை விட்டால் வேறு தண்ணீர் இல்லை. தரையில் குடுவை வடிவில் குழி வெட்டி, உள்ளே சுண்ணாம்பு பூசி, மழைநீரைச் சேர்த்துக் குடித்தார்கள். அந்தக் குழிகளுக்குச் சுல்துன் என்று பெயர். நடக்கும்போது தரையில் வட்டக் கல்வாய் கண்ணில் பட்டால் நின்று குனிந்து பாருங்கள்.

நாலு பேர் சேர்ந்து வாடகைக் கார் எடுத்தால், அதே சாலையில் இன்னும் 20 கிலோமீட்டர் போய்க் கபாவையும் பார்த்துவிடலாம். ஒரே சுவர் முழுக்க நூற்றுக்கணக்கான சாக் முகங்கள். இங்கே கட்டணம் மிகக் குறைவு.

படி 8: திரும்பும் வழி

மெரிடாவில் கடைசி நாளை ஞாயிறாக வைத்துக்கொள்ளுங்கள். காலையில் சாண்டியாகோ சந்தையில் கொச்சினிட்டா, சதுக்கத்தைச் சுற்றிய தெருக்களில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுக் கடைகளும் பாட்டும். விடைபெறும்போது மாயா மொழியில் 'தியோஸ் போடிக்' என்று நன்றி சொல்லுங்கள். நான் சொன்ன இடத்திலெல்லாம் அம்மாக்கள் முகம் மலர்ந்து, இன்னொரு டோர்ட்டியாவைத் தட்டில் வைத்தார்கள்.

சந்தையில் சிவப்பு மசாலா விழுது கால் கிலோ வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். பூசணி விதை நம் ஊரிலேயே கிடைக்கும். வெறும் சட்டியில் விதையை வெடிக்கும்வரை வறுத்து, தக்காளியைத் தோல் கருகச் சுட்டு, பச்சை மிளகாய், உப்பு, கொத்தமல்லி சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் சிகில் பாக்.

மெரிடாவிலிருந்து கான்கூனுக்குப் பேருந்தில் நான்கு மணி நேரம், கடிகாரத்தில் ஐந்து. காலை விமானம் என்றால் முந்தின இரவே கிளம்பிவிடுங்கள்.